உடைப்பதற்காகப் போட்ட அடுப்புகள்

அடுப்பு போடச் சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சரா என்று சிரிக்காத ஆள் செஞ்சியில் ஒருவர்கூட இல்லை. பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே அங்கிருந்த குமாஸ்தா, "எங்க வூட்டுல இருபது வருசமா அடுப்பு எரியுதும்மா, யாரும் வந்து பாடம் எடுக்கலியே" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன், உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. அறுபதுகளின் தொடக்கம் அது. புகையில்லா அடுப்பு என்று ஒரு திட்டம் ஊர் ஊராக வந்துகொண்டிருந்தது. அதற்கென்று மூன்று மாதப் பயிற்சி முடித்து, காவிரிக்கரை ஊரிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கியிருந்தேன்.

பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அடுப்பைவிட அடுப்புக்கு முந்தைய ஒன்றை. அதற்கு மாதிரி என்று பெயர். அடுப்பை எடுத்த எடுப்பில் பெரிதாகப் போடாதே. முதலில் சின்னதாக, அவசரமாக, அசிங்கமாகவே ஒன்றைப் போடு. பற்றவை. எங்கே புகைகிறது, எங்கே தீ திணறுகிறது என்று பார். பார்த்ததும் உடைத்துப் போட்டுவிட்டு அடுத்ததைச் செய். பத்து மாதிரி உடைத்தவளுக்குத்தான் ஒரு அடுப்பு சரியாக வரும். கேட்டபோது இது எனக்கு வேதவாக்காக இருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் செஞ்சிக்கு வந்தேன்.

யூனியன் ஆபீஸுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் வகுப்பு. ஆறு வாரம், ஒன்பது பெண்கள். எல்லோரும் என்னைவிட மூத்தவர்கள், பாதிப் பேருக்குக் கையெழுத்துப் போட வராது. ஸ்கேலைக் கையில் கொடுத்தால் அதை முதுகு சொறியப் பயன்படுத்துவார்கள். அவர்களுக்குச் சாணும் விரலும்தான் அளவு. தொண்டூரிலிருந்து பஸ் பிடித்து வந்த ஒருத்தி, நான் கரும்பலகையில் வரைந்த அடுப்புப் படத்தைப் பார்த்து, "இன்னா டீச்சரம்மா இது, பல்லியா?" என்று கேட்டாள். விறகைப் பற்றி நான் பேசியபோது மல்லாட்டைத் தோல் என்று ஒரு குரல் வந்தது. மல்லாட்டை என்றால் என்ன என்று கேட்டேன். நிலக்கடலையை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்களாம். கொட்டகையே சிரித்தது. முதல் நாளே என் மானம் போயிற்று.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் இட்லி போட்டு விற்பவர். நாற்பதைத் தாண்டியிருக்கும். தனி ஆள், அவரே மாவாட்டி அவரே அவித்து அவரே விற்க வேண்டும். கண் இரண்டும் சிவந்து, இமை தடித்து, எந்நேரமும் நீர் வழிந்துகொண்டிருக்கும். முந்தானையால் துடைத்துத் துடைத்துக் கன்னமெல்லாம் புண். வலது கண்ணில் பூ விழுந்திருந்தது. மற்ற எட்டுப் பேரும் யூனியனில் கொடுக்கும் பால் பவுடருக்காகவும் பொழுதுபோக்காகவும் வந்தவர்கள். இவர் ஒருவர்தான் காரியமாக வந்தவர்.

"பெரியாஸ்பத்திரி டாக்டரு சொல்லிட்டாரு, டீச்சரம்மா. ஒண்ணு பூட்ச்சாம். இன்னொண்ணு நிக்கணும்னா பொகையை விட்டு எந்திரிங்கறாரு. பொகையை விட்டு எந்திரிச்சா நான் எங்க போறது? இட்லி வெந்துச்சான்னு ஆவி வாசனையில சொல்லிடுவேன். ஆனா மாவுல ஒரு முடி கிடந்தா தெரியாதே. ஒரு ஆளு ஒரு தடவை இலையில முடியைப் பாத்தா போதும், அப்புறம் எவன் வருவான்?"

இதை அவர் அழுதுகொண்டு சொன்னாரா, கண்ணில் வழக்கமாக வழியும் நீர்தானா என்று எனக்குத் தெரியவில்லை. ஆறே வாரத்தில் உங்கள் வீட்டில் புகை இருக்காது என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன?

முதல் வேலை, ஆளுக்கு ஒரு மாதிரி அடுப்பு. முழங்கை உயரத்துக்கு மேல் போகக் கூடாது. மதியத்துக்குள் முடிக்க வேண்டும். அழகு பார்க்கக் கூடாது. ஏரி மண்ணில் வைக்கோல் வெட்டிப் போட்டு மிதித்து வைத்திருந்தோம். அடியில்லாத சின்னக் கலயங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் புகைபோக்கி. நானும் அவர்களோடு உட்கார்ந்து ஒன்று செய்தேன். மாலை வரை ஈரம் காயட்டும், நாளைக்குப் பற்றவைக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

மறுநாள் காலையில் கொட்டகைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பத்து அடுப்பும் சாணி மெழுகி வழவழவென்று உட்கார்ந்திருந்தன. விளிம்பெல்லாம் மாக்கோலம். முன்புறத்தில் மஞ்சளும் குங்குமமும். பால் பொங்கி வழிந்த வாசனை. நான் வருவதற்குள் ஆளுக்கொரு செம்பு பால் கொண்டுவந்து காய்ச்சி, ஆளுக்கு ஒரு வாய் குடித்தும் ஆயிற்று. அசிங்கமாகச் செய்யுங்கள் என்று சொன்னதற்கு வந்த பதில் இது! கிண்டல் இல்லை, அடமும் இல்லை. அடுப்பு என்று ஒன்றைப் போட்டால் பால் காய்ச்சாமல் விடுவார்களா என்று அவர்கள் நினைத்தார்கள், அவ்வளவுதான்.

"சரி, இதில் எது எது புகையுதுன்னு பாத்துட்டு உடைச்சிடலாம்" என்றேன்.

ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் தொண்டூர்க்காரி, "பால் காச்சின அடுப்பை யாராச்சும் இடிப்பாங்களா? எங்க மருமவ மாசமா இருக்கிறா" என்றாள். இன்னொருத்தி, வீடு விளங்குமா என்றாள். நான் விளக்கினேன். இது வெறும் மாதிரி, உடைப்பதற்கென்றே போட்டது, எந்த வீட்டு அடுப்பும் இல்லை. ஒரு கையும் நகரவில்லை. எனக்குக் கோபம் வந்தால் காது அடைத்துக்கொள்ளும். மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்து, நான் போட்டிருந்த அடுப்பை ஒரே போடாகப் போட்டேன். கோலத்தோடு, குங்குமத்தோடு அது இரண்டாகப் பிளந்தது. "ஐயையோ!" என்று ஒன்பது வாயும் ஒன்றாகக் கத்தின. என் அடுப்பிலும் அவர்கள் பால் காய்ச்சியிருந்தார்கள் என்பது பிளந்த பிறகுதான் தெரிந்தது. எனக்காக யாரோ தங்கள் வீட்டுப் பாலைக் கொண்டுவந்து காய்ச்சியிருக்கிறார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த நாள் வந்தது இரண்டே பேர். அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயில் ஸ்பெஷல் பஸ் ஏறியிருப்பார்கள் என்று சத்தமாகவே சொல்லி என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

"அமாவாசைக்கு இன்னும் நாலு நாளு இருக்குது டீச்சர்" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

அவர் கல்யாணச் சமையல்காரரின் மனைவி. செஞ்சியில் பல தலைமுறையாக இருக்கும் முஸ்லிம் குடும்பம். சுற்றுவட்டத்தில் எந்த நிக்காஹ் என்றாலும் புருஷனோடு பிரியாணி ஆக்கும் தேக்சா அண்டாவை ஏற்றிக்கொண்டு இவரும் போய்விடுவார். வந்த இன்னொருவர் இட்லிக்காரம்மா. அவருக்கு வராமல் இருக்க வழியில்லை.

சமையல்கார அம்மா, பிளந்து கிடந்த என் அடுப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "நீங்க எதுக்கு இதைக் கூரைக்கு அடியில போடச் சொன்னீங்க?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை.

"நாங்க கல்யாண வூட்டுக்குப் போனா கொல்லையில மண்ணை வெட்டி, கல்லை வெச்சி, அஞ்சாறு அடுப்பு போடுவோம். காத்து அந்தப் பக்கம் அடிச்சா உடனே இடிச்சித் திருப்பிப் போடுவோம். பிரியாணி எறக்கினதும் மண்ணைத் தள்ளி மூடிட்டு வந்துடுவோம். அதுக்கு யாரு அழுவுறா? மேல கூரை இருந்தா அது குடும்பம். வானம் இருந்தா அது சும்மா வேலைக்கு."

இட்லிக்காரம்மாவும் தலையாட்டினார். மலையனூரில் பொங்கல் வைத்துவிட்டுக் கல்லை அப்படியே போட்டுவிட்டுத்தானே பஸ் ஏறுகிறோம் என்றார். மூன்று மாதம் நான் படித்ததில் இது எங்கேயும் இல்லை. பயிற்சி நிலையத்தில் எல்லாமே கூரைக்கு அடியில்தான் நடந்தது.

அன்று மதியமே மண்ணையும் கலயங்களையும் கொட்டகைக்கு வெளியே, ராஜகிரி மலை தெரியும் பொட்டலுக்குக் கொண்டுபோனோம். கொட்டகைக்குள் இருந்த ஒன்பது அடுப்பையும் நான் தொடவில்லை. அவை பாட்டுக்குக் குங்குமத்தோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். விஷயம் எப்படிப் போயிற்றோ, இரண்டு நாளில் ஏழு பேரும் திரும்பி வந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். "போவுது வுடு டீச்சரம்மா" என்று தொண்டூர்க்காரி மண்ணை மிதிக்க இறங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவர்களைப் பிடிக்க முடியவில்லை. வானத்துக்குக் கீழே அந்தக் கைகளுக்கு ஒரு பயமும் இல்லை. போடுவார்கள், பற்றவைப்பார்கள், ஒருத்தி இருமினால் எல்லோரும் சேர்ந்து காலால் உதைத்துத் தள்ளுவார்கள். "இது மாமியா அடுப்பு, மூஞ்சிக்கு நேரா ஊதுது" என்பார்கள். "இது மாப்பிள்ளை அடுப்பு, எவ்ளோ போட்டாலும் பத்தாது" என்பார்கள். அடுப்பின் வாயைக் குறைத்தால் என்ன ஆகும், புகைபோக்கியை ஒரு கலயம் உயர்த்தினால் என்ன ஆகும் என்று நான் கேள்வி கேட்பதற்கு முன்பே அவர்கள் செய்து பார்த்துவிடுவார்கள். நான் சும்மா நிழலில் நின்றுகொண்டிருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் சும்மா நின்றதில்லை.

மூன்றாவது வாரத்துக்குள் எட்டுப் பேருக்கு அடுப்பு சரியாக வந்துவிட்டது. இட்லிக்காரம்மாவுக்கு மட்டும் வரவில்லை. எத்தனை முறை போட்டாலும் அவர் அடுப்பு முன்பக்கமாகவே புகையைக் கக்கியது. ஆபீஸில் எனக்குக் கொடுத்திருந்த அச்சடித்த அளவுத்தாளை எடுத்துவைத்து அங்குலம் அங்குலமாக அளந்தேன். எல்லாம் மிகச் சரி. மற்றவர்கள் வேலிக்காத்தான் முள்ளும் சவுக்கும் எரித்தார்கள். இவர் எரித்தது மல்லாட்டைத் தோல். கடலை மில்லில் வாசல் பெருக்கிக் கொடுப்பதற்காக மூட்டை மூட்டையாகக் கிடைப்பது. அது அடுப்புக்குள் போனதும் அமுங்கிப் படிந்து, காற்றே புகாமல் கரிந்து குமையும்.

"விறகு எரிங்க. தாள்ல விறகுன்னுதான் போட்டிருக்கு" என்றேன்.

"வெறகுக்கு நான் எங்க போறது? தோலுதான் என் அடுப்பு."

"அளவு தப்பாகாதும்மா. பெரிய பெரிய ஆளுங்க கணக்குப் போட்டு அச்சடிச்சது. உங்க தோல்லதான் கோளாறு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். என் முகத்தைப் பார்க்காமல், குரல் வந்த திசையைப் பார்த்து மெதுவாகத்தான் சொன்னார். "மண்ணை மட்டும் ஒடை ஒடைன்னு எங்களைச் சொல்றீங்க. அந்தக் காயிதத்துக்கு மட்டும் நீங்க பால் காச்சி வெச்சிருக்கீங்களே, டீச்சரம்மா."

பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது. எப்போதும் எனக்கு உடனே கோபம் வரும், அன்று அது வரவில்லை. தங்கியிருந்த அறைக்குப் போய் அளவுத்தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதை எழுதியவர்கள் மல்லாட்டைத் தோல் எரிவதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். நானும் செஞ்சிக்கு வரும்வரை பார்த்தது இல்லைதானே. மறுநாள் தாளைக் கொண்டுபோகவில்லை. "அது இல்லாம பாக்கலாம், வாங்க" என்று அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அந்த இரண்டு வாரத்தில் நாங்கள் எத்தனை போட்டோம், எத்தனை உடைத்தோம் என்று கணக்கில்லை. தோலுக்கு அடியிலிருந்து காற்று வர வேண்டும் என்பது வரை எனக்குத் தெரிந்தது. அதற்கு வழி கண்டது அவர். எண்ணெய் டின் தகட்டில் ஆணியால் பொடிப்பொடியாக ஓட்டை போட்டு நடுவில் படுக்க வைத்தார். மேலே தோல், கீழே சாம்பல். சாம்பல் அள்ளுவதற்கு அடியில் விட்ட சின்னக் கதவின் இடுக்கு வழியாகக் காற்று. முதலில் ஓட்டை பெரிதாகிப் போய் தோல் எல்லாம் கீழே கொட்டியது. பிறகு தகடு சூட்டில் வளைந்தது. சின்ன மாதிரியில் சரியாக வந்தது, முழு அளவில் போட்டபோது மறுபடி புகைந்தது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அவர், "இருங்க, எதுக்கு அலுத்துக்கிறீங்க" என்று தோல் போடும் வாயைச் சரிவாக இழுத்துவிட்டார். தோல் தானாகச் சறுக்கி உள்ளே இறங்கியது. புகை மேலே கலயத்துக்குள் ஏறியது. முன்பக்கம் கைவைத்துப் பார்த்தோம், வெறும் சூடு. ஒன்பது பேரும் கூச்சல் போட்டதில் ஆபீஸ் குமாஸ்தா எட்டிப் பார்த்தார்.

ஆனால் அது பொட்டலில் இருந்த அடுப்பு. அவர் வீடு ஒரே அறை. இருக்கிற ஒரு மூலையில் பழைய அடுப்பு இருந்தது. அதை இடித்தால்தான் புதியதைப் போட இடம். புதியது காய நாலு நாள், அந்த நாலு நாளும் இட்லி கிடையாது. போட்டது பொட்டலில் எரிந்தது போல வீட்டுக்குள் எரியாவிட்டால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்பக்கம் ஒரு பூரிக்கடை வேறு புதிதாக வந்திருந்தது. வகுப்பு முடிய இன்னும் ஒரு வாரம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தார். நானும் விரட்டிக்கொண்டே இருந்தேன். "கண்ணு முக்கியமா, அடுப்பு முக்கியமா?" என்று ஒருநாள் கத்தியேவிட்டேன்.

மறுநாள் மத்தியானம், வியாபாரம் முடிந்த கையோடு, என்னையும் சமையல்கார அம்மாவையும் வீட்டுக்குக் கூட்டிப்போனார். கறுத்து, விரிசலுக்கு மேல் விரிசலாக மண் பூசிய அடுப்பு. ஓரத்தில் அன்று காலையில் போட்ட கோலம் இருந்தது. புருஷன் விட்டுவிட்டுப் போன வருஷம் தன் கையால் போட்டது என்றார். "இதான் என்னைக் காப்பாத்திச்சி."

பிறகு கடப்பாரையை என்னிடம் நீட்டினார். "என்னால ஆவாது. நீங்க போடுங்க. உங்களுக்குத்தான் பழக்கமாச்சே."

வாங்கினேன். தூக்கினேன். தோள் வரை போன கை அங்கேயே நின்றுவிட்டது. உடை என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள், ஒரு நிஜ அடுப்புக்கு முன்னால் வந்ததும் கடப்பாரையைக் கீழே இறக்கிவிட்டேன். இது புகைந்தாலும் இவருக்குச் சோறு போட்ட அடுப்பு. என் கணக்கு தப்பாகிவிட்டால்? நான் அடுத்த ஊருக்குப் பஸ் ஏறிவிடுவேன், இவர் எங்கே போவார்? "எனக்கும் முடியலம்மா" என்று சொன்னேன். பயமாக இருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டேன்.

"பயந்தா சரி. இப்பதான் நம்பிக்கையா இருக்குது" என்றார் இட்லிக்காரம்மா. அடுப்பின் கோலத்தை முந்தானையால் துடைத்து, தொட்டுக் கும்பிட்டார். கடப்பாரையை என் கையிலிருந்து வாங்கி, அவரே போட்டார். மூன்றாவது அடியில் அது சரிந்தது. சமையல்கார அம்மா கூடையில் மண்ணை அள்ள ஆரம்பித்தார். மற்ற ஏழு பேரும் சாயங்காலம் தானாக வந்து சேர்ந்தார்கள். நாலு நாளும் அவர்கள் முறை வைத்துக்கொண்டு தங்கள் வீட்டு அடுப்பில் இட்லி அவித்துக் கொடுத்தார்கள், கடை ஒருநாளும் மூடவில்லை. அது யார் யோசனை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, என் யோசனை இல்லை.

ஐந்தாம் நாள் விடியலில் பால் காய்ச்சினோம். புகை கூரைக்கு மேலே போயிற்று. அறைக்குள் பால் வாசனை மட்டும்தான். தாளில் உள்ள அளவு தோலுக்கு ஒத்துவராது என்று ஆபீஸுக்கு எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை. அடுத்த வகுப்புக்கு என்னைத் திண்டிவனம் பக்கம் மாற்றினார்கள்.

இரண்டு மாதம் கழித்துச் சம்பளப் பாக்கி வேலையாகச் செஞ்சிக்கு வரவேண்டியிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக இட்லிக் கடைக்குத்தான் போனேன். இரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இட்லிக்காரம்மாவின் கன்னத்துப் புண் ஆறியிருந்தது. வலது கண்ணில் விழுந்த பூ அப்படியேதான் இருந்தது, அது இனிமேல் போகாது. இடது கண்ணில் நீர் வழிவது நின்று, சிவப்பு போய்த் தெளிந்திருந்தது. நான் எதிரே நின்றும் யாரோ என்று, "எத்தினி இட்லி வெக்கட்டும், பாப்பா?" என்று கேட்டார்.

"என்னம்மா, என்னைத் தெரியலையா?" என்றேன்.

குரலைக் கேட்டதும் கரண்டி அப்படியே நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தார். பெரிய மனுஷியாகத் தெரியவேண்டும் என்று நான் இழுத்துப் போட்டிருந்த கொண்டையையும், கஞ்சி போட்ட புடவையையும் பார்த்தார். இருபத்திரண்டு வயது முகத்தை அவை எந்த விதத்திலும் மறைக்கவில்லை போலிருக்கிறது.

"அடிப்பாவி!" என்றார். "இம்மாஞ்சின்னப் பொண்ணா நீ? உனக்கா நான் அவ்ளோ பயந்தேன்?"

ஆறு வாரம் தினமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அன்றுதான் அவர் என் முகத்தை முதன்முதலாகப் பார்த்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்க, நடு பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு நான் அழுதேன்.